சாம்பல் நாரை எப்போ செத்தா?

சார், காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கோங்க. ஐயோ, எந்திரிக்க வேண்டாம், தாராளமா உக்காருங்க. பைதான் சார், மிதிபட்டுறக் கூடாது. முட்டையா? முட்டையா இருந்தா மடியில வச்சிருக்க மாட்டேனா? புஸ்தகம் சார். காமிக்ஸ் புஸ்தகம். பேரனுக்கெல்லாம் இல்ல, எனக்குப் பேரன் கிடையாது. எனக்குத்தான். எனக்குன்னா, எனக்கும் என் தம்பிக்கும். அதுலதான் இப்ப சிக்கல்.

ராஜபாளையமா நீங்க? நானும் அங்கதான். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. இந்த டிரைவர் ஓட்டுறதைப் பாத்தா அம்பத்தஞ்சு. எப்படித் தெரியும்னா, நான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். இருபத்தெட்டு வருஷம். விசில் ஊதி வண்டியைக் கிளப்பி விடுறது என் வேலை. ஏழு இருபது வண்டி நிக்கும்போது ஏழு முப்பது வண்டி முன்னாடி போச்சுன்னு வைங்க, அன்னைக்கு அந்த ரூட்டே நாறிப்போயிரும். கோமதிநாயகம்னு கேட்டீங்கன்னா இந்த லைன்ல பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். அதனால வரிசைன்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் தம்பி எடுத்தான் சார். எனக்கே எடுத்தான்.

அவன் பேரு நெல்லையப்பன். ராஜபாளையத்துல மெடிக்கல் ஷாப். என்னைவிட மூணு வயசு சின்னவன். அவனைக் கெட்டவன்னு நான் சொல்லவே மாட்டேன். என்ன, கொஞ்சம் பிடிவாதம். ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டான். நான் அப்படியே அவனுக்கு நேர்மாறு.

சூப்பர் ஹீரோ கதையெல்லாம் படிப்பீங்களா சார்? இல்லையா? அப்ப சுருக்கமா சொல்லுதேன். வஜ்ரன்னு ஒருத்தன். உடம்பு பூரா வைரம், சம்மட்டி வச்சு அடிச்சாலும் ஒரு கீறல் விழாது. சாம்பல் நாரைன்னு ஒரு பொம்பளை, பறப்பா. டாக்டர் மௌனம்னு ஒருத்தரு, அவரு வாயைத் திறந்தா கட்டடம் இடிஞ்சிரும், அதனால பேசவே மாட்டாரு. அப்புறம் கடல் காவலர்கள்னு ஒரு கூட்டம், எட்டுப் பேரு. இவங்களுக்கெல்லாம் தனித்தனியா புஸ்தகம் வரும். வெளிநாட்டுக் கதைதான், தமிழ்ல போடுறாங்க. இப்படி அவங்கவங்க பாட்டுக்கு அவங்கவங்க புஸ்தகத்துல நல்லாத்தான் இருந்தாங்க. திடீர்னு கதை எழுதுறவங்களுக்கு என்ன தோணிச்சோ, எல்லாரையும் ஒரே சண்டையில இறக்கி விட்டுட்டாங்க. 'ஏழு வானப் போர்'. மொத்தம் அம்பத்திரண்டு புஸ்தகம். 

கல்யாண வீடு மாதிரி வைங்களேன். சமையக்கட்டுல ஒரு சண்டை, மாடியில ஒரு சண்டை, வாசல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சண்டை, எல்லாம் ஒரே நேரத்துல. வஜ்ரன் ஒரு கதவைத் திறந்துட்டு உள்ள போவான். உள்ள என்ன நடந்துச்சுன்னு அவன் புஸ்தகத்துல இருக்காது, டாக்டர் மௌனம் புஸ்தகத்துலதான் இருக்கும். அங்க போனா, அவரு மேல பாப்பாரு, மேல என்ன தெரிஞ்சுதுன்னு நாரை புஸ்தகத்துல இருக்கும். இதுல வில்லன் வேற காலத்தையே வளைக்கிறவன். நேத்து நடந்ததை நாளைக்கு நடக்க வைப்பான். இப்ப சொல்லுங்க, அம்பத்திரண்டையும் எந்த வரிசையில சார் படிக்கிறது?

சிரிக்காதீங்க. குடும்பமே இதுல உடைஞ்சு கிடக்கு.

நானும் அவனும் சின்னதுல இருந்தே ஒண்ணாத்தான் படிப்போம். ஒண்ணான்னா, நான் படிச்சு முடிச்சுட்டு அவன்கிட்டக் குடுக்கிறது இல்ல. ஒரே புஸ்தகத்தை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிக்கிறது. நான் பிடிச்சுக்குவேன், அவன் தோள்ல இடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் மளமளன்னு படிச்சிருவேன். அவன் படத்தையெல்லாம் பாத்துக்கிட்டு இருப்பான், பின்னால தூரத்துல நிக்கிற நாய் வரைக்கும் பாப்பான். முடிச்சுட்டு 'ம்'னு ஒரு சத்தம் குடுப்பான். அதுக்கப்புறம்தான் நான் பக்கத்தைத் திருப்பணும். எனக்குக் கல்யாணமாகி, அவனுக்குக் கல்யாணமாகி, ஒரே வீட்டுல ரெண்டு குடும்பமா இருந்தப்பவும் அதே கூத்துதான். என் சம்சாரம் இந்திராணி வந்த புதுசுல பாத்துட்டு, 'அவருக்குப் படிக்கத் தெரியாதா, நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கிறீங்களா'ன்னு கேட்டா.

ஆங், கண்டக்டர் தம்பி, ராஜபாளையம் ஒண்ணு. புதுப் பையன், என்னைத் தெரியலை. இருக்கட்டும்.

இந்தப் போர் புஸ்தகம் வர ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் இருக்கும். பதிப்பகத்துப் பேரு வேண்டாம், பாவம், சின்னக் கம்பெனி. மொழிபெயர்ப்பு எது முதல்ல முடியுதோ அதை அச்சுக்கு அனுப்பிட்டாங்க. பதினாலாம் நம்பரு வந்து மூணு மாசம் கழிச்சு ஒன்பதாம் நம்பரு வந்துச்சு. நாங்க அப்பவே பேசி வச்சுட்டோம், எல்லாம் வந்து சேரட்டும், ஒரே மூச்சா படிப்போம்னு. வர வர பாலித்தீன் கவர் போட்டு பீரோவுல வச்சுருவோம். நாலு வருஷம் சார். ஒரு பக்கம் தொடலை.

நடுவுல அவன் வீடு மாறிப் போயிட்டான். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. சொல்லணும்னு சொல்லுதேன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் கடைக்கு ஏழு இருபது வண்டியிலதான் போய் வந்துக்கிட்டு இருந்தான். எப்பவும் ஏழு இருபத்தொண்ணுக்குத்தான் ஓடி வருவான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே. நானும் ஏதாவது ஒரு சாக்கு வச்சு, டிரிப் ஷீட்டுல கையெழுத்தைத் தேடுற மாதிரி, விசிலைத் துடைக்கிற மாதிரி, ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைப்பேன். நான் ரிட்டயர் ஆனேன். புதுசா வந்தவன் ஏழு இருபதுன்னா ஏழு இருபதுக்கே ஊதிட்டான். ஒரே வாரத்துல நாலு நாள் வண்டியைத் தவற விட்டான் நெல்லையப்பன். ரெண்டே மாசத்துல ராஜபாளையத்துல வீடு பாத்துட்டேன்னு வந்து நிக்கான். ஒரு நிமிஷத்துக்காக யாராவது வீட்டை மாத்துவாங்களா சார்? அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பினா முடிஞ்சுபோற காரியம். சரி, போறவன் போகட்டும். எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது.

அதுக்கப்புறம் தீவாளி, பொங்கல், அம்மா திவசம், அவ்வளவுதான் வருவான். மாசம் ஒரு தடவை எனக்கு சுகர் மாத்திரை மட்டும் தெரிஞ்ச டிரைவர்கிட்டக் குடுத்தனுப்புவான், கவர் மேல காலை, மதியம், சாயங்காலம்னு எழுதி. அவன் எழுதின வரிசையில ஒழுங்கா முழுங்குதேன். அதுல நான் ஏதாவது கேள்வி கேக்கேனா? இல்லைல்ல? அந்த மரியாதை இந்தப் பக்கமும் வரணும்ல சார்.

போன வருஷம் ஆடி மாசம் அம்பத்திரண்டாவது புஸ்தகமும் வந்து சேந்துருச்சு. ஃபோன் போட்டேன். 'ஏல, வந்துருச்சுல'ன்னேன். ஞாயித்துக்கிழமை ஒன்பது நாப்பது வண்டியில வந்து இறங்கிட்டான், பால்கோவாவும் கையுமா. சுகர்காரனுக்குப் பால்கோவா, மெடிக்கல் ஷாப்புக்காரன் வாங்கிட்டு வரான் பாத்துக்கோங்க. எல்லாத்தையும் கூடத்துல பரப்பினோம். எதுல ஆரம்பிச்சு எதுக்குப் போகணும்னு ஒரு வரிசை போட்டுட்டு உக்காரலாம்னு பேச்சு. அரை மணி நேர வேலைன்னுதான் நெனச்சேன்.

வரிசை போடணும், ஆனா உள்ள படிச்சிரக் கூடாது. அதனால ஒரு சட்டம் வச்சோம். அட்டையைப் பாக்கலாம், முதல் பக்கத்துல இருக்கிற முன்கதைச் சுருக்கத்தைப் படிக்கலாம். அதுக்கு மேல ஒரு படம்கூடப் பாக்கக் கூடாது. இந்திராணி காப்பி கொண்டுவந்தவ கேட்டா, 'அம்பத்திரண்டு சுருக்கத்தையும் படிச்சா முழுக்கதையும் தெரிஞ்சிராதா?'ன்னு. பொம்பளைங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது சார்.

தகராறு நாரைகிட்ட ஆரம்பிச்சுது. ஒரு புஸ்தகத்துல அட்டையிலேயே சாம்பல் நாரை செத்துக் கிடக்கா. வஜ்ரன் மடியில தலை, கண்ணு மூடியிருக்கு, சுத்தி எல்லாரும் அழுறாங்க. வெளிநாட்டுல ரெண்டு மாசம் கழிச்சு வந்த புஸ்தகம் ஒண்ணு, அதுல முன்கதைச் சுருக்கம் என்ன சொல்லுதுன்னா, நாரை தன் தங்கச்சியோட உக்காந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா.

'அண்ணே, எந்தத் தேதியில எழுதினானோ அந்தத் தேதிப்படியே படிப்போம். முதல் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு'ன்னான்.

'ஏல, செத்தவ எப்படில சாப்பிடுவா? சாப்பிட்டுட்டுத்தான் செத்திருப்பா. முதல்ல நடந்ததை முதல்ல படிக்கணும்'னேன்.

'பிழைச்சு வந்துகூட சாப்பிட்டிருக்கலாம்ல.'

'பிழைச்சாளா இல்லையாங்கிறதைத்தான் முதல்ல முடிவு பண்ணணும். பண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி வரிசை வைப்போம்.'

'அதை முன்னாடியே முடிவு பண்ணிட்டா அப்புறம் படிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு? நாம தெரியாம முழிக்கணும்னுதான் அவன் மாத்தி எழுதியிருக்கான். அந்த முழிப்புதான் கதை.'

எப்படி இருக்கு பாருங்க. மருந்து டப்பா அடுக்குற புத்தி. எந்தத் தேதியில தயாரிச்சானோ அந்தத் தேதிப்படி அடுக்கிட்டா வேலை முடிஞ்சுது. யோசிக்க வேண்டாம். அவன் லிஸ்ட்டு ஒரே லிஸ்ட்டு சார், கால் மணி நேரத்துல எழுதிட்டான். நான் அப்படியா? காலண்டர் அட்டைக்குப் பின்னால கட்டம் போட்டு, வஜ்ரனுக்கு நீலம், நாரைக்குச் சிவப்பு, டாக்டருக்குப் பச்சைன்னு, எந்த ஹீரோ எந்த நேரத்துல எங்க நிக்கான், எங்க இருந்து எங்க போறான், அவன் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் கணக்குப் பாத்துப் போட்டேன். வஜ்ரன் பறக்க மாட்டான், அவன் ஒரு வானத்துல இருந்து அடுத்த வானத்துக்கு ஏணியிலதான் ஏறணும். அதையெல்லாம் நெல்லையப்பன் யோசிக்கவே இல்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை வா, முழுசாக் காட்டுதேன்னு அனுப்பி வச்சேன். வந்தான். காட்டினேன். நாலு தப்பு கண்டுபிடிச்சான். சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வான்னேன். வந்தான். இப்படிப் பதினாலு ஞாயித்துக்கிழமை. ஒன்பது நாப்பதுக்கு வருவான், சண்டை போடுவோம், சாப்பிடுவோம், சாப்பிட்டுட்டு ஒரு சண்டை, நாலு மணி வண்டிக்குக் கிளம்புவான். இந்திராணி கறிக்குழம்பு வைப்பா. சில வாரம் செண்பகமும் வருவா, அவன் சம்சாரம். அவ, 'அத்தான், நீங்க ரெண்டு பேரும் போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது, சண்டையில எந்த வானம் ஜெயிச்சுது'ன்னு கேலி பண்ணுவா.

பதினாலு வாரத்துல நான் பதினொரு லிஸ்ட்டு போட்டேன். ஒவ்வொரு தடவையும், எல்லாம் சரியா வந்துருச்சு, நாளைக்குப் படிக்க ஆரம்பிச்சிரலாம்னு நெனக்கும்போது ஒரு தப்பு கண்ணுல பட்டுரும். 'ஏங்க, அது எப்படிங்க சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் தப்பு வருது?'ன்னு இந்திராணி கேட்டா. எது எப்ப கண்ணுல படும்னு சொல்ல முடியுமா சார்? அப்ப பட்டுச்சு.

கரிவலம் வந்துருச்சு. இறங்குறவங்க இறங்கட்டும், நீங்க இந்தப் பக்கம் ஜன்னலோரம் வேணா வர்றீங்களா? வேண்டாமா? சரி. கடலை வேணுமா? எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க.

எங்க விட்டேன்? பதினஞ்சாவது ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு மழைத் தூத்தல். வந்தான், துண்டால தலையைத் துவட்டினான், காப்பி குடிச்சான். நான் பதினொண்ணாவது லிஸ்ட்டை எடுத்து விரிக்கப் போறேன், 'அண்ணே, இருக்கட்டும். உன் வரிசையே சரி. எடு, படிக்க ஆரம்பிப்போம்'ங்கான்.

உங்களுக்கு எப்படி இருக்கும் சார்? இல்ல, நெசமா கேக்கேன்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'எந்த வரிசை சரி?'ன்னேன். 'நீ போட்டதுதான்ணே.' 'பதினொண்ணு போட்டிருக்கேன், அதுல எது?' 'எதுன்னாலும் சரிதான்.' எதுன்னாலும் சரியாம்! பதினாலு வாரமா நாரை செத்தாளா பிழைச்சாளான்னு தொண்டை கிழியப் பேசினவன், இப்ப எதுன்னாலும் சரியாம். இது விட்டுக்குடுக்கிறதா சார்? அழுற பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கிறது. நான் கேட்டேனா? நம்பித் தோத்தா அது ஒரு கவுரவம். நம்பாமலே 'சரி'ன்னு சொன்னா?

'ஏல, நீ நம்பாத வரிசையில உக்காந்து நான் படிக்க மாட்டேன்'னேன்.

அவன் என்னையே பாத்தான். 'அண்ணே, உனக்குப் படிக்கணுமா, வேண்டாமா?'ன்னு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான்.

என்ன கேள்வி சார் அது? நாலு வருஷம் கவர் போட்டு வச்சவன்கிட்டக் கேக்குற கேள்வியா? நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். 'மாத்திரை எண்ணுறவனுக்குக் கதை எதுக்குல'ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவனும் சொன்னான். 'நீ ஆயுசு பூரா வண்டியை அனுப்பிட்டு ஸ்டாண்டுலயே நின்னவன்ணே. ஏறி உக்காந்து போனாத்தான் வழி தெரியும்'னான். இந்திராணி அடுப்படியில கரண்டியை வச்சுட்டு நின்னா.

'அப்ப பிரிச்சிருவோம்'னேன்.

எங்க பக்கம் பாகம் பிரிக்கிறதுன்னா ஒரு வழக்கம் உண்டு சார். மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் முதல்ல எடுக்கணும். எனக்கு ரெண்டுல எது வரும்னு தெரியாதுல்ல, அதனால ரெண்டு பங்கும் சமமாத்தான் வைப்பேன். அம்மா போனதும் வீட்டையும் மனையையும் அப்படித்தான் பிரிச்சோம், அரை மணி நேரம். ஒரு வாக்குவாதம் இல்லை. அதே மாதிரி அம்பத்திரண்டு புஸ்தகத்தையும் நான் பங்கு வச்சேன். எப்படி வச்சேன்னா, என் கடைசி லிஸ்ட்டுப்படி அடுக்கி, ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். சீட்டுக்கட்டு போடுற மாதிரி. அதைவிட நியாயமா பங்கு வைக்க முடியுமா?

இந்திராணி சொன்னா, 'இப்படி வச்சா ரெண்டு பேராலயும் படிக்க முடியாதே. ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் அடுத்தவர் வீட்டுக்கு ஓடணுமே'ன்னு. ஓடட்டுமே. வேணும்னா வரட்டும். நியாயம்னா நியாயம்தான்.

நெல்லையப்பன் ரெண்டு அடுக்கையும் பாத்தான். குனிஞ்சுகூடப் பாக்கலை சார். அவன் கைக்குப் பக்கத்துல இருந்ததை எடுத்துப் பைக்குள்ள வச்சான். எந்தப் புஸ்தகம் எதுல இருக்குன்னு ஒரு பார்வை பாக்கணும்ல? அது மரியாதைதானே? மழையில கிளம்பிப் போயிட்டான். சாப்பிடலை. அன்னைக்கு வச்ச குழம்பு மிச்சமாயிருச்சு.

அதோட ஏழு மாசம். அவன் வரலை, நானும் போகலை. மாத்திரை மட்டும் டிரைவர் கையில மாசாமாசம் வந்துருது, காலை, மதியம், சாயங்காலம்னு எழுதி. நான் தனியாப் படிச்சுப் பாக்கலாம்னு ஒரு நாள் ஒரு புஸ்தகத்தை எடுத்தேன். கவரைப் பிரிச்சேன். நல்ல வழவழ தாளு. முதல் பக்கத்தைப் படிச்சு முடிச்சேன். முடிச்சுட்டு உக்காந்திருக்கேன். திருப்பணும்ல? கை போகலை சார். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன் லூசு மாதிரி. மூடி வச்சுட்டேன். கண்ணு சரியில்லைன்னு நெனக்கேன். கண்ணாடி மாத்தணும்.

இப்ப என்ன திடீர்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்னு கேப்பீங்க. புதன்கிழமை செண்பகம் ஃபோன் பண்ணியிருக்கா, இந்திராணிக்குத்தான். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, அவங்களுக்கு என்ன. கடையைக் குடுத்தாச்சாம். ஓசூர்ல அவன் மக மீனலோசனி இருக்கா, கம்பெனி வேலை, குழந்தை பிறந்து மூணு மாசம். அங்கேயே போயிருறாங்களாம். போயிட்டு வர்றது இல்ல சார், போயிருறது. நாளைக்கழிச்சு லாரி வருது. 

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. 'அண்ணன் கேக்கட்டும், சொல்லுதேன்'னு இருந்தானாம். நான் எப்படிக் கேப்பேன்? எனக்குத்தான் தெரியாதே!

இந்திராணி பீரோவைத் திறந்து என் பங்கை எடுத்துக் கூடத்துல வச்சா. 'கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. உங்களுக்கும் உதவாம அவருக்கும் உதவாம இங்க எதுக்கு? அவராவது பூராவும் படிக்கட்டும்'னா. 'அவன் வரிசையில படிச்சு நாசம் பண்ணுவான்'னேன். 'பண்ணட்டும்'னுட்டா. பொதுவா அவ அப்படிப் பேச மாட்டா. நானும் யோசிச்சேன். சரிதான். எனக்கு ஒண்ணும் இதுல பெரிய பிடிப்பு இல்லை. கடைவாசல்ல பையை வச்சுட்டு, 'இந்தால, உன் வரிசையிலயே படிச்சுக்கோ'ன்னு சொல்லிட்டு அடுத்த வண்டியைப் பிடிச்சுத் திரும்பிருவேன். உள்ளகூடப் போக மாட்டேன். தண்ணி குடுத்தா குடிப்பேன். அது வேற.

மில்லு தாண்டிட்டோம் பாருங்க. இன்னும் பத்து நிமிஷம்.

என்ன கேட்டீங்க? வண்டிச் சத்தத்துல கேக்கலை. முதல் புஸ்தகமா? முதல்ல எதைப் படிக்கணும்னாவது முடிவாச்சான்னா கேக்கீங்க?

அட, அதுல சண்டையே இல்லையே சார். 'வானத்தில் ஒரு விரிசல்', வஜ்ரன் கதை. அவன் லிஸ்ட்டுலயும் அதான் முதல்ல. என் பதினொரு லிஸ்ட்டுலயும் அதான் முதல்ல. அதைத் தொடாம யாரும் உள்ள நுழைய முடியாது. யாரு எதுக்குச் சண்டை போடுறான்னே புரியாது. மத்த அம்பத்தொண்ணுக்குத்தான் இவ்வளவு ரகளையும். 

பங்கு வச்சப்ப அது என் பக்கம் வந்துருச்சு. ஆமா. அதை எடுக்கணும்னா அவன் அந்த அடுக்கை எடுத்திருக்கணும், பாக்காம எடுத்தா அப்படித்தான்.

பையிலயா? பையில…

பையில இல்லை சார்.

மறக்கலை. மறதியெல்லாம் எனக்குக் கிடையாது. காலையில எல்லாத்தையும் எண்ணி வச்சேன். பையை மூடினேன். செருப்பைப் போட்டுட்டேன். திரும்ப வந்து அதை மட்டும் எடுத்து, பீரோவுல துணிக்கு அடியில வச்சுட்டேன். இந்திராணி, 'எல்லாம் எடுத்துட்டீங்களா'ன்னு கேட்டா. எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அவகிட்ட நான் சொன்ன பொய்யை எண்ணிரலாம்.

ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியலை. செருப்பைப் போடும்போது, அவன் ஓசூர்ல ஒரு வீட்டுல உக்காந்து, பக்கத்துல யாரும் இல்லாம, அவனே பிடிச்சுக்கிட்டு, அவனே பக்கத்தைத் திருப்பி, அம்பத்திரண்டையும் படிச்சு முடிச்சிருறான்னு நெனச்சேன். முடிச்சா மூடி வச்சுருவான். அதோட தீந்துபோச்சு. அப்புறம் அவன் எதுக்கு வரணும்? தீவாளிக்கு மக வீடு இருக்கு. பொங்கலுக்கு மக வீடு இருக்கு. அன்னைக்கு, 'உன் வரிசையே சரி, எடு, ஆரம்பிப்போம்'னு சொன்னான் பாருங்க, அப்பவும் எனக்கு அதான் சார் தோணிச்சு. ஆரம்பிச்சா முடிஞ்சிருமேன்னு. அதைச் சொல்லத் தெரியாம மாத்திரை எண்ணுறவன்னு சொல்லிட்டேன். அவன் முகம் அப்படியே சுருங்கிருச்சு.

இதை இந்திராணிகிட்டக்கூட நான் சொன்னதில்லை. உங்க பேரு என்ன சார்? பாருங்க, பேரே கேக்காம இவ்வளவு நேரம் பேசியிருக்கேன்.

அந்தா, பெட்ரோல் பங்குக்கு அடுத்து, பச்சைக் கட்டடம், அதான் அவன் கடை. போர்டைக் கழட்டிட்டாங்க போல. உள்ள லைட் எரியுது. நின்னு ஏதோ அட்டைப்பெட்டி கட்டிக்கிட்டு இருக்கான் பாருங்க, அவன்தான். மெலிஞ்சுட்டான். நான் இறங்கணும். அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க, ஆமா, காதைச் சேத்துப் பிடிங்க.

ஓசூர் போய்ப் பிரிச்சு அடுக்கும்போது தெரிஞ்சிரும்ல, முதல் புஸ்தகம் இல்லைன்னு? தெரிஞ்சா ஃபோன் பண்ணுவான்ல? தபால்ல அனுப்புன்னு கேப்பான். அனுப்ப மாட்டேன் சார். வந்து வாங்கிக்கோன்னு சொல்லுவேன். அவ்வளவு தூரத்துல இருந்து வர்றவன், வந்த அன்னைக்கே திரும்ப முடியாது. ரெண்டு நாளாவது இருப்பான்ல சார்?